பூ வைத்த கிடாரும் கண்ணாடிக் கிடாரும்

செல்வராஜுக்கு எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. எந்தப் பெட்டியை எந்தக் கப்பலில் ஏற்றினால் என்ன நன்மை, என்ன தொல்லை என்று நாள் முழுக்க யோசித்துப் பழகிய மண்டை. வீட்டுக்கு ஒரு தோசைக்கல் வாங்குவதென்றாலும் சாதகம், பாதகம் என்று ஒரு பிரசங்கமே நடத்திவிடுவான். அவன் மனைவி ஹம்சினி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தனக்குப் பிடித்த கல்லை வாங்கி வந்துவிடுவாள்.

அந்தக் கிடாரும் அப்படித்தான் லேக் கார்டன்ஸ் வீட்டுக்குள் நுழைந்தது. எலெக்ட்ரிக் கிடார். உடம்பு முழுக்க அக்ரிலிக். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். பெட்டியைப் பிரித்த கையோடு செல்வராஜ் தொடங்கிவிட்டான்.

"அஞ்சு கிலோ அரிசிப் பையைக் கழுத்துல மாட்டுன மாதிரில்லா கனக்கு! மடியில வச்சா வழுக்குது. விரல் பட்டா அச்சு விழுது, துணி பட்டா கீறல் விழுமாம். ஸ்பிரிட் போட்டுத் தொடச்சா வெடிப்பு விட்ருமாம். ஸ்க்ரூவைக் கொஞ்சம் கூடுதலாத் திருகிட்டா அதுக்கும் வெடிக்குமாம். இதெல்லாம் தெரிஞ்சா வாங்குன?"

"தெரிஞ்சுதான்."

"சரி, நல்லதுன்னு என்ன இருக்கு?"

"இந்த ஊர் மழைக்கு உடம்பு ஊறாது. தந்தியைத் தட்டினா சத்தம் சட்டுனு ஓயாது, நின்னு பேசும். அப்புறம்..." அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "அழகா இருக்கு, செல்வா. அது போதாதா?"

"உள்ள ஓடுற ஒயர் வரைக்கும் தெரியுது. எதையும் மறைக்க முடியாதே."

"மறைக்க என்ன இருக்கு? தூர் பாபா!" என்று சிரித்தாள். பிறந்து வளர்ந்தது எல்லாம் கல்கத்தா என்பதால், அலுப்பு வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அவளுக்கு வங்க மொழிதான் முதலில் வரும்.

செல்வராஜுக்கோ மறைவாக இருப்பதுதான் உயிர். தூத்துக்குடியில் நடந்த சொந்தக் கல்யாணத்தின் போட்டோக்களிலேயே பாதியில் அவன் மாலைதான் தெரியும், முகம் தெரியாது. ஹம்சினி கிடார் வாசிக்கும் பாண்டு எங்கே மேடையேறினாலும் கடைசி வரிசையில், வெளியேறும் வழியோரம் போய் உட்காருவான். அந்தத் தெருவில் வளர்ந்த பெண்ணைக் கட்டியவன் தெருவுக்கே மாப்பிள்ளை அல்லவா? "ஜாமாய், ஜாமாய்" என்று உரிமையோடு கூப்பிட்டு முன்வரிசையைக் காட்டுவார்கள். மாப்பிள்ளை அசைய மாட்டான். அவள் வாசிப்பதைக் கேட்கப் பிடிக்கும், அதைக் கேட்கிற தன்னை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

கண்ணாடிக் கிடார் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. போன வருஷத்து மழையில் டாக்குரியா ஸ்டேஷன் படிக்கட்டில் ஹம்சினி வழுக்கி விழுந்தாள். இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். கிடாரின் பட்டையும் அந்தத் தோளில்தான் ஏற வேண்டும். ஒரு வருஷம் கண்ணாடிக் கிடார் சுவரில் தொங்க, அவள் தினமும் அதைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் மாட்டிவைப்பாள். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் செல்வராஜ் அடுக்களைக்குள் போய்விடுவான். அதற்குப் பிறகு கிடாரைப் பற்றிய பாதகங்களை அவன் பேசவே இல்லை.

இந்த வருஷம் டாக்டர் தலையசைத்தார். வாசிக்கலாம், ஆனால் நெடுநேரம் அந்தத் தோளில் கனம் ஏற்ற வேண்டாம் என்றார். நவமியன்று மாலை தெருவின் துர்கா பூஜைப் பந்தலில் பாண்டுக்கு நிகழ்ச்சி. ஹம்சினி கண்ணாடிக் கிடார்தான் என்றாள்.

"தோளு?" என்றான் செல்வராஜ்.

"அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். நீ கவலைப்பட ஆரம்பிக்காதே."

புதிதாக வந்திருந்த அகலமான மெத்தைப் பட்டையைத்தான் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவள் இல்லாத நேரத்தில் அந்தப் பட்டையோடு கிடாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தான். சமாளிக்கலாம் போலத்தான் இருந்தது. தன்னுடையது முறியாத தோள் என்பது அந்தக் கெட்டிக்காரனுக்குத் தோன்றவில்லை.

நவமி காலையில், ஊரெல்லாம் துர்கைக்கு மேளம் கொட்டிக்கொண்டிருக்க, இவர்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் செல்வராஜ் விட்டுக்கொடுக்க மாட்டான். பூஜையில் வைத்த புத்தகத்தையோ கருவியையோ மறுநாள் விஜயதசமி காலையில் திரும்பப் பூஜை முடிக்காமல் தொடக் கூடாது. வருஷாவருஷம் அவன் லேப்டாப்பும் அவள் புத்தகங்களும் உட்காரும். கிடாருக்கு மட்டும் இடம் கிடைத்ததில்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டபோது, "அது என்ன வீணையா?" என்று சொல்லிவிட்டான். அப்புறம் அவள் கேட்கவில்லை.

இந்த வருஷம் அவனாகவே செய்தான். அவள் குளித்துவிட்டு வருவதற்குள், அவளுடைய பழைய மரக் கிடாரை எடுத்துத் துடைத்து, பலகைமேல் சிவப்புத் துணியில் சாய்த்து வைத்தான். சந்தனம் தொட்டு, குங்குமம் இட்டு, கழுத்தில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினான். அவள் திரும்ப வாசிக்கப்போகிறாள் என்கிற சந்தோஷத்தை வேறு எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பட்டுப்புடவையில் வந்த ஹம்சினி அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னொண்ணு சாயங்காலம் வேணும்லா, அதான் இதை வச்சேன்," என்றான்.

அவள் கண் நிறைந்துவிட்டது. மல்லிகையைக் குனிந்து பார்த்தபடி, "நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும், இல்ல?" என்று கேட்டாள்.

"பின்ன? வச்சதை எடுக்கலாமா?"

"எடுக்கக் கூடாதுதான்," என்று சொல்லி விழுந்து கும்பிட்டாள்.

மாலையில் பந்தலில் எள் போட்டால் எள் விழாது. செல்வராஜ் வழக்கம்போலக் கடைசி வரிசையில். மேடையில் நீல விளக்கு விழுந்ததும் ஹம்சினியின் கையிலிருந்த கிடார் முழுக்க ஒளி ஏறியது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் விரல்கள் தந்தியில் ஓடுவதைப் பார்த்தபோது அவன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நல்லவேளை, கடைசி வரிசை.

இரண்டாவது பாட்டு முடிந்தது. ஹம்சினி பட்டையை லேசாகத் தூக்கியபடி இடப்பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு கிடார் ஸ்டாண்டு நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு ஒயர் சுருட்டித் தயாராக இருந்தது. ஸ்டாண்டு காலி. அவள் அதைப் பார்த்தாள், பட்டையைத் திரும்பத் தோளில் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

காலி ஸ்டாண்டை எதற்கு மேடையில் வைத்திருக்கிறார்கள்? அந்தக் கேள்வி தோன்றிய மறுநொடி செல்வராஜுக்குப் பதில் தெரிந்துவிட்டது. இதுதான் அவள் சொன்ன ஏற்பாடு. இரண்டு பாட்டுக்குக் கண்ணாடி, மீதிக்கெல்லாம் கனமில்லாத மரக் கிடார். ஒத்திகைப் பழக்கத்தில்தான் இப்போது அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள். அந்த மரக் கிடார் இப்போது வீட்டில் மல்லிகைப் பூவோடு சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவன்தான் உட்காரவைத்தான்.

மூன்றாவது பாட்டில் அவள் இடது தோள் இறங்கியது. நான்காவதில் தந்தியைத் தட்டும் கையின் முழங்கையாலேயே கிடாரை அடியிலிருந்து முட்டுக்கொடுத்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அது அவனிடம் "ஒண்ணும் வலிக்கல" என்று சொல்லும்போது வருகிற சிரிப்பு. இன்னும் பாதி நிகழ்ச்சி கிடக்கிறது.

பூஜையாவது ஒன்றாவது, எடுத்து வந்துவிடலாம் என்று எழுந்து ஓடினான். பந்தல் வாசலில் மூங்கில் தடுப்பு. கயிறு பிடித்து நின்ற தொண்டர், ஒருவழிப்பாதை, ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும் என்று கை காட்டினார். அந்தப் பக்கம் தெரிந்ததெல்லாம் தலைகள். போய்த் திரும்புவதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடும்.

செல்வராஜ் திரும்பினான். கடைசி வரிசையில் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியையே தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "தாதா, எக்டு, எக்டு" என்று தெரிந்த வங்க மொழியில் வழி கேட்டபடி கூட்டத்தைப் பிளந்து போனான். பக்கவாட்டுப் படியேறி, மேடையில் அவளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டான். வாசித்துக்கொண்டே அவள் திரும்பிப் பார்த்தாள். தந்தியை விடாமலே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தால் தீர்ந்ததா? பட்டுப்புடவை மடியில் அக்ரிலிக் நிற்குமா? வழுக்கிக்கொண்டு இறங்கியது, மறுபடியும் தோள்தான் இழுத்துப் பிடித்தது. மடியில் வழுக்கும் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவனே இவன்தான். சட்டென்று நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கைக்குட்டையை விரித்து, கிடாரின் அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்துத் தாங்கினான். பட்டை தளர்ந்தது. அவள் தோள் மெல்ல மேலே வந்தது.

கூச்சத்தில் தலையைக் குனிந்து கிடாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஒளிந்துகொண்டதாக நினைத்தான், பாவம். மரமாக இருந்தால் மறைத்திருக்கும். நீல வெளிச்சத்தில், ஒயர்களுக்கும் ஸ்க்ரூக்களுக்கும் நடுவே, அவன் முகமும் தாங்கிய இரண்டு கைகளும் பந்தலுக்கே தெரிந்தன. முன்வரிசையில் யாரோ "ஜாமாய்!" என்று கத்தினார்கள். அடுத்த நிமிஷம் தெருவே "ஜாமாய், ஜாமாய்" என்று கை தட்டியது.

பாட்டு முடிந்த இடைவெளியில் அவன் கிசுகிசுத்தான். "ஏன் சொல்லல? காலையிலயே எடுத்துக் குடுத்திருப்பேன்லா?"

"குடுத்திருப்பே."

"பின்ன?"

"முதல் தடவையா என் கிடாருக்குப் பூ வச்சிருந்தே, செல்வா. அதை நானே எப்படிக் கலைப்பேன்?"

அவன் கண்ணில் நீர் வந்தது, துடைக்கவும் கை இல்லை. ஊரே பார்க்கட்டும் என்று குனிந்த தலையை நிமிர்த்தினான். "தோளு வலிக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"வலிக்குது," என்றாள். ஒரு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆனா விட்டுடாதே, வாசிக்கணும்."

அவன் கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொடுத்தான். மிச்சப் பாட்டெல்லாம் அப்படியே போயின. கடைசிப் பாட்டின் கடைசித் தந்தியைத் தட்டிவிட்டு அவள் வலது கையை எடுத்துவிட்டாள். கூட்டம் எழுந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் அவன் உள்ளங்கைகளில் அதிர்ந்துகொண்டே இருந்தது. சட்டென்று ஓயாது என்று அவள் சொன்னது உண்மைதான். அது ஓய்கிற வரைக்கும் செல்வராஜ் கையை எடுக்கவில்லை.