அறுபத்து மூன்று பேரில் ஒருத்தி

1

"நூறு முட்டை போடுதே அந்த ஆமை, ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சுட்டா போகும்?"

எல்வான் என்ற எட்டு வயதுப் பெண், மூன்று கோடைக்கு முன்பு தல்யான் ஆற்றில், கடற்கரைக்குப் போகும் படகில் கேட்ட கேள்வி இது. எதிர்ப் பலகையில், மடியில் தக்காளிக் கூடையுடன் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அவளுடைய அப்பா தர்பூசணி உருண்டுவிடாமல் காலால் அணைத்துக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா மட்டும் சிரித்தாள். சிரிக்கத் தொடங்கியவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது அவ்வளவுதான். அந்தக் கேள்வி, அந்தத் தர்பூசணி, அந்தப் பாதிச் சிரிப்பு. மீதியெல்லாம் நான் சேர்த்தது. பிறகு தெரிந்து நீங்கள் வருத்தப்படக் கூடாதென்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பின் மறுபாதி எங்கே போயிற்று என்று தேடித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

*காலை வெயிலில் நாணல்கள் விலகி வழிவிட, படகு ஒரு கனவுக்குள் நுழைவது போல*

வேண்டாம். நாணல் யாருக்கும் வழிவிடுவதில்லை. படகுக்காரர்தான் வாயில் சிகரெட்டோடு சுக்கானைத் திருப்புகிறார்.

*மெலாஹத் பதினேழு மாதங்களாக ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.*

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

மெலாஹத், எல்வானின் அம்மா. டெனிஸ்லி நகரத்தில் குளியல் துண்டு நெய்யும் ஆலையில் ஓரம் தைக்கிறவள். (அதனால்தான் அன்று நான்கு பேருக்கு ஒன்பது துண்டுகள் எடுத்து வந்திருந்தார்கள்.) கணவன் சப்ரி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். பாதிச் சிரிப்புக்காரி அவளுடைய அக்கா பெரிஹான். மிலாஸில் தாய்வீட்டில் தனியாக இருக்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை பெரிஹானுக்கு வயிற்றில் ஆபரேஷன். கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றுவிட்டார் டாக்டர். தல்யானின் சேற்றுக் குளியலும், ஆமைகள் முட்டையிடும் கடற்கரையும் பெரிஹானின் யோசனைதான்.

"மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பூசிப் பாத்துக்கறேன்டி. கார எடுத்துட்டு வாங்க," என்றாள் போனில்.

மெலாஹத் காத்திருந்த சொல், 'ஹலால்'. ராணுவத்துக்குப் போகும்போதும், ஹஜ்ஜுக்குப் போகும்போதும், ஆபரேஷனுக்குப் படுக்கும்போதும் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்வது. 'உன் உரிமையை எனக்கு ஹலால் செய்.' எனக்காக நீ பட்ட பாடு, என்னால் உனக்கு வந்த வலி, எதையும் மறுமையில் இறைவன் முன்னால் கேட்காமல் விட்டுவிடு என்று பொருள். 'ஹலால் ஆகட்டும்' என்று பதில் வந்தால் நெஞ்சு இலேசாகிவிடும்.

பதினேழு மாதங்களுக்கு முன், ஹஜ்ஜைவிடச் சிறிய புனிதப் பயணமான உம்ராவுக்குப் புறப்பட்டபோது மெலாஹத்தும் கேட்டாள். விமான நிலைய வரிசையில் நின்றபடி, ஒரு கையில் பாஸ்போர்ட்டும் இன்னொரு கையில் போனுமாக, வெள்ளைப் புறாப் படம் போட்ட ஒரே செய்தியை அறுபத்து மூன்று பேருக்கு ஒரே தட்டலில் அனுப்பினாள். சொந்தக்காரர்கள், ஆலைத் தோழிகள், கம்பளம் வெளுக்கிறவர், எல்வானின் கணக்கு டீச்சர். அறுபத்திரண்டு பேர் 'ஹலால் ஆகட்டும்' என்று ரோஜாப்பூ அனுப்பினார்கள். பெரிஹான் படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் காட்டின. பதில் வரவில்லை.

அடிக்குறிப்பு போல ஒன்று: இதைக் குற்றம் என்று எழுதக் கை தயங்குகிறது. போன வருடம் நானும் இப்படித்தான் அனுப்பினேன். எனக்கு எல்லோரிடமிருந்தும் பூ வந்தது. அதில் எத்தனை பூ உண்மையில் பூத்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

3

முதலில் பெரிஹானைக் கல்மனசுக்காரியாக எழுதினேன். மூன்று பக்கம் ஓடியது. பிறகு அவளைச் சேற்றில் இறக்கினேன். இறங்கியதும் சிரித்தாள். மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

சப்ரி முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்க மறுத்தான்.

"அழுகின முட்ட நாத்தம் அக்கா இது."

"உங்க பஸ்ஸுல நாப்பது புள்ளைங்க சாக்ஸ் நாத்தத்துல உக்காந்திருக்கீங்க மாப்பிள்ள. அதுக்கு இது அத்தர்."

மெலாஹத் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய குளியல் உடுப்பில் இறங்கினாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"மடிச்சு வச்ச குடை மாதிரி இருக்கடி."

"சும்மா இரு அக்கா. ஹாஜிம்மாவக் கிண்டல் பண்ணக்கூடாது."

"இன்னும் ஹாஜி ஆகல நீ. உம்ராதான். அடக்கி வாசி."

சாம்பல் நிறச் சேறு இளம் சூடாக இருந்தது. உள்ளே கால் வைத்தால் அடி தெரியவில்லை. மாவுக்குள் நடப்பது போல, தூக்கத்துக்குள் நடப்பது போல, ஒவ்வோர் அடியும் தாமதமாக வந்தது. அக்கா தங்கையின் முதுகில் பூசினாள். தங்கை அக்காவின் முதுகில் பூசும்போது வயிற்றுப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டாள். பிறகு இருவரும் கரையில் ஒரு பலகையில், சேறு காய்வதற்காக வெயிலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நரைத்த முடி, கறுத்த முடி, வயது, சுருக்கம் எல்லாம் ஒரே சாம்பலுக்குள் போய்விட்டன. எது அக்கா, எது தங்கை என்று எழுதுகிற எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"அக்கா."

"பேசாத. மூஞ்சி வெடிக்குது."

"செவ்வாக்கெழமைக்கு அதிக நாள் இல்ல."

"எங்க வீட்லயும் காலண்டர் இருக்கு."

"எனக்கு ஹலால் பண்ணிடேன்."

பெரிஹான் கண்ணைத் திறக்கவில்லை.

"அறுபத்திமூணு பேர்ல ஒருத்தியா வச்சுக் கேட்ட. இப்பதான் தனியா கேக்கற."

"தப்புதான்கா. ஏர்போர்ட்ல அவசரத்துல…"

"ஏர்போர்ட்ட விடு. எதுக்குக் கேக்கறேன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரியாம என்ன. கடைசி நாலு வருஷம் அம்மாவ நீ ஒருத்தியே பாத்த. நான் பெருநாளைக்குப் பெருநாள் இனிப்பு டப்பாவோட வந்துட்டுப் போனேன்."

"அது இல்ல. அத எப்பவோ விட்டுட்டேன். நான் பாக்கலேன்னா வேற யாரு பாக்கறது."

"அப்புறம் என்ன?"

காய்ந்த சேறு பெரிஹானின் நெற்றியில் மெல்லக் கீறியது.

"அம்மாவுக்குத் தலை கழுவிவிடுவேன்ல. கழுவி, துடைச்சு, சீவி முடிச்சதும் என் கையப் புடிச்சுக்கிட்டு துவா செய்வாங்க. தெனமும். உன் கை நோவு காணாம இருக்கட்டும், உன் வாசல்ல வெளிச்சம் அணையாம இருக்கட்டும்னு. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி செய்வாங்க."

"தெரியும்கா."

"தெரியாது. மெலாஹத்னு கூப்ட்டுச் செய்வாங்க."

மெலாஹத் திரும்பினாள். கழுத்திலிருந்த சேறு உதிர்ந்தது.

"மறதி வந்ததுக்கப்புறம் அவங்களுக்கு நான் இல்ல. என் கை மட்டும் இருந்துச்சு, பேரு உன்னுது. மொதல்ல திருத்தினேன். 'நான் பெரிஹான்மா.' அப்படியா, அப்ப மெலாஹத் வரவே இல்லியான்னு அழுவாங்க. மூணு தடவ அழ வச்சேன். அப்புறம் நானே மெலாஹத் ஆயிட்டேன். 'ஆமாம்மா, வந்துட்டேன்.' ஒரு வருஷம்டி. ஒரு வருஷத்து துவா."

அல்லாவுக்குப் பேர் குழம்புமா அக்கா, என்று சொல்ல மெலாஹத்தின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இந்தக் கதையில் அவள் செய்த முதல் நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அல்லாவுக்குக் குழம்பாது என்று பெரிஹானுக்கும் தெரியும். தெரிந்திருப்பது ஓரிடம், வலிப்பது வேறிடம்.

"இப்ப வாயால சொல்லிடலாம்," என்றாள் பெரிஹான். "மனசு சொல்லாம வாய் சொன்னா அது ஹலால் இல்ல. அல்லாவுக்கு முன்னாடி பொய்யாயிடும். என்கிட்ட இருக்கறதே அந்த உரிமை ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு வெறுங்கையா மயக்க மருந்துக்குள்ள போகச் சொல்றியா?"

மெலாஹத் மடியில் உதிர்ந்த சேற்றை விரலால் பொடித்தாள்.

எல்வான் ஓடிவந்து எதிரில் நின்றாள். ஒரு முகத்தைப் பார்த்தாள். இன்னொரு முகத்தைப் பார்த்தாள்.

"எது எங்கம்மா?"

குழாயடியில் குளிர்ந்த தண்ணீர் விழுந்ததும் இருவரும் மறுபடி இருவர் ஆனார்கள்.

4

அதன் பிறகுதான் படகு. அதில்தான் அந்தக் கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சுட்டா போகும்?

பெரிஹான் ஏன் பாதியில் நிறுத்தினாள் என்று இப்போது எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. (கிடைத்தது என்றால், நானே கொடுத்துக்கொண்டது. உண்மையில் அவளுக்குப் பல்வலியாக இருந்திருக்கலாம்.)

படகு மெதுவாகப் போயிற்று. ஆறு அங்கே எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் தெரியாது. சில வளைவுகளில், வந்த இடத்துக்கே திரும்பப் போவது போலிருக்கும். சப்ரி தர்பூசணியை வெட்டினான். வெள்ளைப் பாலாடைக்கட்டியைப் பெரிஹான் துண்டு போட்டாள். பழத்தின் நடுவிலிருந்து விதையில்லாத சிவந்த பகுதியை அவளே கத்தியால் எடுத்து, யோசிக்காமல் மெலாஹத்தின் கையில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கை பழகிவிட்டது.

"உன் அம்மாவுக்கு மட்டும் நடுத்துண்டு," என்றான் சப்ரி மகளிடம். "ட்ரைவருக்குத் தோல்."

"ட்ரைவர் சேத்துல இறங்கல," என்றாள் எல்வான். "அதான் தோல்."

மெலாஹத் பழத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். அந்த ஒரு வருடத்தில் தனக்கு நடந்தவற்றை நினைத்துக்கொண்டிருந்தாள். எல்வானுக்கு வந்த மூளைக்காய்ச்சல் ஒன்பதாம் நாள் ஒரு தடயமும் வைக்காமல் போனது. சப்ரியின் பேருந்து பனியில் சறுக்கி, நாற்பது பிள்ளைகளோடு பாலத்தின் ஓரத்தில் நின்றது. தொழுகையில் அவற்றுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். எந்தக் கையின் வழியாக வந்தது என்று கேட்டதில்லை. மிலாஸில் ஒரு குளியலறையில், சோப்பு நுரையோடு, தன் பெயரைச் சூட்டிக்கொண்டு அந்தக் கை நின்றிருந்தது.

5

கடற்கரைக்கு வந்துவிட்டோம். முடிவு எழுத வேண்டும்.

ஒரு முடிவு எழுதினேன்: பெரிஹான் மணலில் நின்று கடலைப் பார்த்து, "ஹலால் ஆகட்டும்டி" என்கிறாள், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் பலகையில் உட்கார்ந்து, பொய் சொல்ல மாட்டேன் என்றவளை இரண்டு மணி நேரத்துக்குள் நான் சொல்ல வைக்கிறேன். அவள் மனசு மாற நாளாகும். அல்லது மாறாது. எழுதுகிறவனின் அவசரத்துக்கு அது வராது.

இன்னொன்று: புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து போன் வருகிறது. நல்ல செய்தியாக ஒரு தடவை எழுதினேன். கெட்ட செய்தியாக ஒரு தடவை. இரண்டையும் அடித்துவிட்டேன். என் கதைக்காக அந்தப் பெண்ணின் வயிற்றைத் திறக்க எனக்கு அனுமதியில்லை. செவ்வாய்க்கிழமை உங்களிடம் இருக்கட்டும். எதை நினைத்தாலும் அவளுக்காக ஒரு சொல் வேண்டிக்கொண்டு நினையுங்கள்.

என்னால் எழுத முடிந்தது கடற்கரைக்குப் போன அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மட்டும்.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்த நீண்ட மணல்திட்டில், முட்டை புதைந்த இடங்களின்மேல் கம்பிக் கூண்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நட்டிருந்த கழிகளைத் தாண்டிக் கடல் பக்கம் யாரும் குடை விரிக்கக் கூடாது. பெரிஹான் மரக்கூரை நிழலில் பாய் விரித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். சேறு அவள் காது மடிப்பில் இன்னும் ஒரு கோடாக ஒட்டியிருந்தது.

"ரெண்டு பேரும் கூண்டு எத்தனைன்னு எண்ணிட்டு வாங்க," என்றாள் மெலாஹத்.

"இந்த வெயில்லயா?" என்றான் சப்ரி.

"சேத்துலயும் இறங்கல நீங்க. நடங்க."

அவர்கள் தொலைவில் சின்னதாகும்வரை பார்த்திருந்துவிட்டு, மெலாஹத் ஆற்றின் பக்கம் இறங்கிப்போனாள். அங்கே ஆள் நடமாட்டமில்லை. தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்தாள். ஈர மணலில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள்.

அவள் நினைத்தது இதுதான். அம்மாவின் சொற்களை எடுத்து அக்காவிடம் திருப்பித் தர முடியாது. அவை நடந்து முடிந்துவிட்டன. தன்னிடம் இருப்பது ஒரே ஓர் உம்ரா. பதினோரு வருடம் ஆசைப்பட்டு, ஒரு முறை போய்வந்தது. இன்னொரு முறை வாய்க்குமா என்று தெரியாது. செய்த நற்செயலின் நன்மையை இன்னொருவர் பேரில் சேர்த்துவிடு என்று இறைவனிடம் வேண்டலாம். வழக்கமாக இறந்தவர்களுக்காகத்தான் அப்படி வேண்டுவார்கள். உயிரோடு, வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கும் அக்காவுக்காக வேண்டக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அதைக் கொடுத்துவிட வேண்டும், நடந்த ஒவ்வோர் அடியோடும். அதன் பிறகு அம்மாவைப் போல, தினமும், சரியான பெயர் சொல்லி அக்காவுக்காக துவா செய்ய வேண்டும்.

அக்காவுக்கு இது தெரியக் கூடாது. தெரிந்தால் இதுவும் கேட்பது போலாகிவிடும்: பார், நான் கொடுத்தேன், நீயும் கொடு. இனி ஹலால் கேட்பதில்லை என்று மெலாஹத் முடிவு செய்துவிட்டாள். வந்தால் வரட்டும்.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அவள் சொல்லப்போவதை நான் எழுதினால் ஒரு சாட்சி வந்துவிடுகிறது. நீங்கள் படித்தால் இரண்டாகிவிடுகிறது. எழுதிப் பார்த்த நான்கு வரியை இப்போதுதான் அடித்தேன்.

சப்ரியும் எல்வானும் கடைசிக் கூண்டருகே இருக்கிறார்கள். பெரிஹான் தூங்குகிறாள். மிச்சம் நாம் இரண்டு பேர்தான். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டுவிட்டேன். மெலாஹத் கைகளை ஏந்துகிறாள். நீங்களும் கண்ணைத் திருப்பிக்கொள்ளுங்கள்.