மெர்ல் ஹாக்கிங்கின் வியாழக்கிழமை

1

இந்தக் கதை கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டத்துக்கு நான் போவது பொறுப்புள்ள குடிமகன் என்பதால் அல்ல. எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிருக்கு அங்கே ஹீட்டர் நன்றாக எரியும், பிஸ்கட்டும் உண்டு. பொதுமக்கள் கேள்வி நேரத்தில் மேயர் ஒரு பெயரைக் கூப்பிட்டார்: "மெர்ல் ஹாக்கிங்." பார்வையாளர் நாற்காலிகளில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு, "ஆள் வரல. கேள்வி தள்ளுபடி" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அந்தப் பெயர் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தேன்.

2

"மெர்ல் ஒரு துணிச்சலான..." வேண்டாம்.

"ஆற்றங்கரை யூக்கலிப்டஸ் மரங்களில் அந்தி..." சகிக்கவில்லை.

நேராகவே சொல்கிறேன். மெர்லுடைய கணவர் கிளெம், மறதி நோய் முற்றி, பக்கத்துப் பெரிய ஊரில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மெர்லுக்குக் கண் மங்கிவிட்டது, கார் ஓட்ட முடியாது. நகர்மன்றத்தின் பஸ் வியாழக்கிழமை மட்டும் அங்கே போய்வரும். ஆள் குறைவு என்று அதை நிறுத்தப் பார்க்கிறார்கள். நிறுத்தினால் அவள் கிளெமைப் பார்ப்பது அத்தோடு சரி.

(கிளெமுக்கு அவள் பெயர் ஞாபகமில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கொடுத்தால், அவளுடைய மோதிரத்தைக் கட்டைவிரலால் மெல்லச் சுற்றுவார். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம். வாரம் முழுக்க அவள் ஏங்குவது அதற்காகத்தான். நான் ஜோடித்தது என்று தோன்றினால் அடித்துவிட்டு மேலே படியுங்கள்.)

3

கூட்டமும் வியாழக்கிழமைதான். முதியோர் இல்லத்தில் பெரியவர்களுக்கு இரவுச் சாப்பாட்டை ஊட்டிவிட்டுத்தான் பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் கிளம்புவார்கள். பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் கேள்வி நேரம் முடிந்திருக்கும். பஸ்ஸுக்காகப் பேச வேண்டியவர்கள் அத்தனை பேரும் பஸ்ஸில் இருக்க, காலி நாற்காலிகளைப் பார்த்து, மக்களுக்கு இதில் அக்கறையில்லை என்று மன்றம் முடிவுகட்டும். இப்படியொரு கூத்தை என்னால் கற்பனையில்கூடக் கட்டியிருக்க முடியாது.

மெர்ல் தன் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாள். கேட்பவர் நேரில் இருக்க வேண்டும், அவருக்காக வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்று அலுவலகத்தில் விதியைச் சொன்னார்கள்.

அந்தக் கூட்ட நாள் காலை பஸ் ஓட்டுநர் டேரில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான்.

"ஏறாத மெர்ல். இருந்து, சாயங்காலம் அவங்கள நறுக்குன்னு நாலு கேள்வி கேளு. ஒரு வாரந்தானே."

"உனக்கு ஒரு வாரம். அதுக்குள்ள அவரு இந்த மோதிரத்தையும் மறந்துட்டாருன்னா?"

"பஸ்ஸே இல்லாமப் போச்சுன்னா?"

"அதத்தான் ராத்திரி பூரா யோசிச்சேன். கதவ மூடு, குளிருது" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள்.

4

முடிவுகளை முயன்று பார்த்தேன்.

அவளை ஊரிலேயே இருக்க வைத்தேன். பேசினாள், மேயர் மூக்கைச் சிந்தினார், பஸ் பிழைத்தது. அடுத்த வியாழன் கிளெமின் கட்டைவிரல் அசையவில்லை. கிழித்துப் போட்டேன்.

டேரில் பஸ்ஸோடு எல்லாரையும் மன்ற வாசலில் கொண்டுவந்து... சினிமா. அதற்கும் கிளெமின் தட்டில் பாதிச் சாப்பாடு இருக்கும்போதே அவளைக் கிளப்ப வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.

நான் எழுந்து அவள் கேள்வியை வாசிப்பதாக ஒன்று. விதி இடம் கொடுக்காது. (யோசித்தால், இங்கே நான் செய்துகொண்டிருப்பதே அதுதான். அவள் இல்லாத இடத்தில் அவளுக்காகப் பேசுகிறேன். என்ன பேசினாலும் அது அவள் குரலாகவில்லை.)

5

மெர்ல் அதே கேள்வியை மறுபடி கொடுத்திருக்கிறாள். இந்த வியாழன் பஸ் மீது வாக்கெடுப்பு. கேள்வி இதுதான்: "நீங்க ஏன் கூட்டத்த ஒரே ஒரு தடவ செவ்வாக்கிழமை வைக்கக் கூடாது? நாங்க எல்லாருமே வருவோமே."

பஸ் காலையிலேயே போய்விட்டது. அங்கே, ஊட்டி முடித்த கையோடு அவள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறாள், மோதிரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே மேயர் அவள் பெயரை ஒரு முறை கூப்பிட்டாகிவிட்டது.

நான் வெளியே வந்துவிட்டேன். ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். விதி உங்களுக்குத் தெரியும், கேள்வியும் தெரியும். மேயர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, இரண்டாவது முறை கூப்பிடுகிறார்.