பங்கேற்பாளர் ஏழு

வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் எல்லோரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் கேள்வித்தாளைத் தயாரித்து, வீட்டில் உட்கார்ந்து நூறு பிரதியையும் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். எனக்கு அது கேவலமாகப் பட்டது. நான் நிஜ ஆட்களிடம் போய் நிஜமாகக் கேட்கப்போகிறேன் என்று பீற்றிக்கொண்டேன். நானும் வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பியிருக்கலாம்.

தலைப்பு, ஊழியர்கள் உடம்புக்கு முடியாமல் வேலைக்கு வருவதால் நிறுவனத்துக்கு என்ன ஆகிறது என்பது. இடம், அம்மா வேலை பார்த்த சலவை ஆலை. மருத்துவமனை விரிப்புகளும் விடுதித் துண்டுகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்ததும் விரிப்புகள் உருளைப் பிரிவுக்குப் போகும். கொதிக்கும் இரும்பு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, சுருக்கம் விழாமல் உள்ளே கொடுக்க வேண்டும். ஒரு முனையில் அம்மா நிற்பாள், மறுமுனையில் பெரியக்கா.

பெரியக்கா எங்களுக்குச் சொந்தமில்லை. ஆலையில் எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நான் பெரியம்மா என்பேன், அவள் என்னை ஆபீசர் என்பாள். வீட்டில் அவளுடைய கணவர் படுத்த படுக்கையாகி ஆறு வருடம். இவள் ஒருத்தி வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

மேனேஜர் சுலபமாக அனுமதி கொடுத்துவிட்டார். ஆய்வு முடிந்ததும் ஆலைக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. ஆனால் ஆட்கள் பிடி கொடுக்கவில்லை. உடம்பு எப்படி என்றால், "நல்லாத்தான் இருக்கோம், எங்களுக்கென்ன?" என்பார்கள். வாயைப் பிடுங்கிப் பார்த்தும் பலன் இல்லை. கடைசியில் அம்மாதான் எனக்காகப் பேசினாள். "எம்பொண்ணு யார்கிட்டயும் மூச்சு விடமாட்டா. உங்க பேரே வராது, வெறும் நம்பர்தான்" என்று சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

அதை நம்பித்தான் பெரியக்கா வந்தாள். நான் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.

"இது எதுக்கு, ஆபீசர்?"

"நீங்க சொல்றத நான் ரகசியமா வச்சுக்குவேன்னு எழுதித் தர்றது பெரியம்மா."

"அப்ப முதல்ல நீ போடு கையெழுத்த."

போட்டேன். அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வலது கையை மேசைமேல் வைத்தாள்.

"இந்த மூணு விரல்லயும் ரெண்டு வருஷமா உணர்ச்சியே இல்ல. சூடு தெரியாது. கண்ணால பாத்துத்தான் கைய எடுக்கறேன். கொஞ்சம் அசந்தா உங்கம்மா பட்டன அமுக்கி நிறுத்திடுவா. அவ இருக்கற தைரியத்துலதான் என் பொழப்பு ஓடுது. வெளிய தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த வயசுல எனக்கு வேற யாரு வேல தருவா, சொல்லு?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் பேசப் பேச எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இப்படியொரு நேர்காணல் வகுப்பில் எவனுக்கும் கிடைத்திருக்காது. ஒரு வார்த்தை விடாமல் எழுதி, நான்காம் அத்தியாயத்தில் "பங்கேற்பாளர் ஏழு" என்று போட்டேன்.

சமர்ப்பிக்க ஒரு நாள் இருந்தபோது என் வழிகாட்டி ஆசிரியை வரைவைப் புரட்டினார். "ஏழு, ஒன்பதுன்னா யாரு இவங்கெல்லாம்? வயசு, அனுபவம், எந்தப் பிரிவு, எதுவுமே இல்லையே. ஓர் அட்டவணை போடுங்க. அதுக்குத் தனி மார்க் இருக்கு."

வீட்டுக்கு வந்து அட்டவணை போட்டேன். ஏழாவது வரிசை: பெண், வயது 58, அனுபவம் 22 ஆண்டு, உருளைப் பிரிவு. தட்டிவிட்டு அந்த வரிசையை மறுபடி படித்துப் பார்த்தேன். உருளைப் பிரிவில் மொத்தமே ஆறு பேர். அதில் ஐம்பத்தெட்டு வயது ஒருத்திக்குத்தான். ஐம்பதுக்கு மேல் என்று பொதுவாகப் போடலாம். ஆனால் அப்படிப் போட்டால் பதினான்கு வரிசையையும் மாற்ற வேண்டும், மார்க் குறையுமோ என்ற பயம் வேறு. மேனேஜர் எங்கே உட்கார்ந்து அட்டவணையெல்லாம் படிக்கப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் இல்லை, எண்தான் இருக்கிறது, நான் கொடுத்த வாக்கு அவ்வளவுதானே என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தே செய்தேன். தெரியாமல் நடந்த தவறு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

ஆலைக்குக் கொடுத்த பிரதியை மேனேஜர் வரி விடாமல் படித்திருக்கிறார். போனில் அழைத்துப் பாராட்டினார்.

"உருளைப் பிரிவுல இருக்கறவங்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேணும்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அருமையான யோசனைம்மா. உடனே ஆரம்பிச்சிடறோம்."

ஆரம்பித்தார்கள். முதல் நாள் காலையில் முதல் ஆளாகப் பெரியக்காவைக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடச் சொல்லி மருத்துவர் விரலில் ஊசியால் குத்திப் பார்த்தார். மதியத்துக்குள், அவளுடைய பாதுகாப்பைக் கருதி, கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு யாரையும் பரிசோதனைக்குக் கூப்பிடவே இல்லை.

அதே வாரம் என் மதிப்பெண் வந்தது. துறையிலேயே முதலாவது. "தரவுல உயிர் இருக்கு" என்று ஆசிரியை என் தோளைத் தட்டினார்.

ஆலையில் எல்லோரும் அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெரியக்காவின் கையைப் பற்றி அம்மாவுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, அம்மாதான் மேனேஜரிடம் சொல்லியிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் அம்மா போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துபோனார்கள். அம்மாவுக்கு என்மேல் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. "எந்தப் பாவி போய்ச் சொன்னானோ" என்று புலம்பிக்கொண்டே துணி மடிப்பாள். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். விஷயம் கல்லூரிக்குப் போனால் விசாரணைக் குழு வரும், ஆய்வேட்டை ரத்து செய்வார்கள், பட்டம் போய்விடும். இந்தப் பயம்தான் என் வாயைக் கட்டியது. வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பெரியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"இத்தன வருஷம் ஒரே துணிய ஆளுக்கொரு முனையாப் பிடிச்சோமேடி. ஏன்டி சொன்ன?"

"ஐயோ அக்கா, நான் சொல்லலக்கா!"

"பின்ன யாரு? உனக்கும் இந்தப் பொண்ணுக்கும்தான் தெரியும். இவ படிச்சவ, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. இவ சொல்லமாட்டா. அப்ப நீதான?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான். இவ தல மேல சத்தியமாச் சொல்றேன். நானும் சொல்லல, எம்பொண்ணும் சொல்லல."

பெரியக்கா என்னைப் பார்த்தாள். "நெஜமா, ஆபீசர்?"

"நெஜம்தான் பெரியம்மா" என்றேன்.

பெரியக்கா உடைந்துபோனாள். "உன்னப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, யார் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்கள் என்று ஆலையில் உள்ளவர்களை ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மடிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தவள்தான் என்று கடைசியில் முடிவு கட்டினார்கள். அவள் மேனேஜர் அறைப்பக்கம் அடிக்கடி போவாளாம். "நீயும்தான் அவகிட்டப் பேசியிருக்கியே, அவ அப்படிப்பட்டவதான?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"இருக்கலாம்மா" என்றேன்.