தூசி என்று துடைத்த புள்ளி

எட்டு வருஷ உழைப்பின் விலை பத்து எம்.பி. அதற்கு மேல் ஒரு சொட்டு கூடினாலும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று வேலை விளம்பரத்திலேயே கறாராகப் போட்டிருந்தார்கள். நீங்கள் செய்த டிசைன்களில் சிறந்த பன்னிரண்டு, எல்லாம் ஒரே கோப்பில், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். முன்னே பின்னே பேசிப் பார்க்க ஆள் பெயர்கூடப் போடவில்லை.

குறில் அந்த விளம்பரத்தை இருபது தடவையாவது படித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் பயந்து மூடிவிட்டு மறுபடி திறந்தாள். குறில் அவள் சொந்தப் பெயரில்லை. அக்கா வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். இவள் அக்காவின் காதில் ரகசியம் சொல்ல நாற்காலி தேடுகிற உயரம். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் நெடில், குறில் என்று கூப்பிடப் போக, அதுவே ஒட்டிக்கொண்டது.

பயம் அவளுக்குப் புதுச் சரக்கு இல்லை. வேலை பார்க்கிற அச்சகத்தில் சம்பளம் கூட்டிக் கேட்கலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலாளி அறைக்குள் போய், அவர் நிமிர்ந்து பார்த்ததும், "சார், மை தீர்ந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்த பெருமை அவளுக்கு உண்டு. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டாவது தடவை மை நிஜமாகவே நிறைய இருந்தது.

அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக, தான் செய்த டிசைன்களைப் பென்டிரைவில் ஏற்றி, சாப்பாட்டுப் பையில் பதுக்கித் தினம் ஒன்றாக வீட்டுக்குக் கடத்தியிருந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் அச்சகத்து வாசலைத் தாண்டும்போது, பையே எழுந்து நின்று "என்னைப் பாருங்க" என்று கத்தும்போல இருக்கும். இன்றைக்குச் சனிக்கிழமை. காய்ச்சல் என்று முதலாளிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு பக்கம் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதுதான் அவளுடைய ராஜா. போன வாரம் செய்த, குழந்தைகள் இருமல் மருந்து பாட்டிலில் ஒட்டுகிற சீட்டு. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொண்டு வந்து கொடுத்த பழைய சீட்டு கசங்கி, அழுக்கேறி, அடகுக் கடையிலும் வாங்கமாட்டார்கள் என்ற நிலையில் இருந்தது. அவள் அதை ஸ்கேன் செய்து, தூசியெல்லாம் துடைத்து, எழுத்தைப் புதிதாக அடித்து, இளம்பச்சையில் ஒரு இலையை வளைத்து வைத்திருந்தாள். தூசி துடைப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஸ்கேனில் விழுகிற கறுப்புப் பொட்டுகளைக் கம்ப்யூட்டர் ரப்பரால் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, துவைத்த துணி மாதிரி ஆக்கிவிடுவாள்.

இடுப்பில் பத்து மாதக் குழந்தையோடு நெடில் வந்து எட்டிப் பார்த்தாள். துணிக்கடையில் பதினைந்து வருஷம் விற்றவள். எதைப் பார்த்தாலும் எப்படி விற்கலாம் என்றுதான் யோசிப்பாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா நீ என்ன கிழிச்சேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பழைய சீட்டையும் பக்கத்துல போடு. எங்க கடையில பழைய ஸ்டாக்கப் பக்கத்துல தொங்கவிட்டுத்தான் புதுச விப்போம்."

நல்ல யோசனைதான். பழைய சீட்டு அவள் ஃபைலில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதனோடு அச்சான புதுச் சீட்டுகள் சிலவும் மாதிரிக்கு எடுத்து வந்திருந்தாள். அக்காவின் ஃபோனில் பழையதைப் படம் எடுத்து, புதியதற்குப் பக்கத்தில் பெரிதாக ஒட்டினாள். ராஜாவும் பிச்சைக்காரனும் தோளோடு தோள் நின்றார்கள்.

நெடில் குனிந்து படித்தாள். "ஏண்டி, இந்த மருந்தோட வீரியத்தக் கொறச்சுட்டாங்களா?"

"ஏன்?"

"பழசுல, ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ரெண்டு புள்ளி அஞ்சு மில்லின்னு போட்டிருக்கு. புதுசுல இருபத்தஞ்சு."

குறில் சிரித்தாள். அக்காவுக்குக் கண்ணாடி போடுகிற வயசாகிவிட்டது என்று சொல்ல வாய் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. படத்தை நாலு மடங்கு பெரிதாக்கினாள். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில், கீழே, கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. சுற்றிலும் அதே அளவில், அதே நிறத்தில் நாற்பது ஐம்பது அழுக்குப் பொட்டுகள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண் முன்னால் வந்தது. ரப்பரை வைத்து அவள் தட்டிக்கொண்டே போனது. துடைத்து முடித்து, சுத்தமான அந்தப் படத்தைப் பார்த்து எழுத்து அடித்தது. 25 மி.லி.

ஐயாயிரம் சீட்டு. புதன்கிழமையே கம்பெனிக்குப் போய்விட்டது.

"கம்பெனிக்காரன் பார்த்து ஓகே சொல்லியிருப்பான்ல?" என்றாள் அக்கா.

"சொன்னாரு. பச்சை இன்னும் கொஞ்சம் பச்சையா வேணும்னாரு. அத மட்டும்தான் பார்த்தாரு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு."

"அப்பறம் என்ன? தப்பு அவன் தலையில."

அது சட்டம். குறிலுக்கும் தெரியும். அவளுடைய கை, அவளைக் கேட்காமலே, கோப்பைத் திறந்து இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு புள்ளியை வைத்தது. திரையில் எல்லாம் சரியாகிவிட்டது. பன்னிரண்டாவது பக்கம் பழையபடி ராஜா. ஐந்து மணிக்கு அனுப்பினால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை போய் நைசாக, "சார், அந்த மருந்துச் சீட்டு இன்னொரு தடவை பார்த்துடலாமா" என்று கேட்கலாம். மை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

திரையில் ரெண்டு புள்ளி அஞ்சு. வெளியே ஐயாயிரம் சீட்டில் இருபத்தஞ்சு.

நெடில் அடுப்படிக்குப் போனாள். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற ஐந்து மில்லி ஸ்பூனை எடுத்து வந்தாள். குழந்தை பால் குடிக்கிற கிண்ணத்தில் தண்ணீரை அளந்து ஊற்றினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கிண்ணத்தை மேஜையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அரை ஸ்பூன் குடுக்க வேண்டிய இடத்துல இவ்வளவு." குரலில் கேலி இல்லை. "நான் குடுத்திருப்பேன்டி. சீட்டுல போட்டிருந்தா நான் ஏன் சந்தேகப்படப்போறேன்? நான் என்ன டாக்டரா?"

குழந்தை அந்தக் கிண்ணத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. குறில் சட்டென்று அதைத் தள்ளி வைத்தாள். வெறும் தண்ணீர்தான். ஆனாலும் தள்ளி வைத்தாள்.

முதலாளிக்கு ஃபோன் போடுவதற்குள் மணி ஒன்று. மூன்று தடவை எண்ணை அழுத்தி மூன்று தடவை வெட்டினாள். நாலாவது தடவை வெட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"என்னம்மா, காய்ச்சல் எப்படி இருக்கு?"

"சார்..."

"என்ன, மை தீர்ந்துடுச்சா?"

ஆக, இத்தனை வருஷமும் மனுஷனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அந்த வெட்கத்தில் பயம் ஒரு நொடி இடறியது. அந்த இடைவெளியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: தூசி, புள்ளி, இருபத்தஞ்சு.

"நம்ம ஆபீஸ் டிசைன் உன் வீட்டுல எப்படிம்மா இருக்கு?"

"வேற வேலைக்கு அப்ளை பண்றேன் சார்."

"எவ்வளவு தர்றானாம்?"

"இன்னும் கேக்கல சார்."

"கேக்காம எப்படிப் போவ? எட்டு வருஷம் எங்கிட்ட இருந்து என்னத்தக் கத்துக்கிட்ட?" ஒரு பெருமூச்சு. "இங்க பாரு, கையெழுத்துப் போட்டது அவன். நம்ம கை சுத்தம். நாமளாப் போய்ச் சொன்னா மறு அச்சுச் செலவ நம்ம தலையில கட்டுவான். திங்கக்கிழமை பக்குவமா பேசிக்கலாம்."

"சார், இன்னைக்கு நாலு மணிக்கு முதல் லோடு மருந்து லாரியில கிளம்புது. ஆர்டர்லயே எழுதியிருந்தாங்க."

"அதுக்கு?"

கிண்ணத்தில் தண்ணீர் அசையாமல் இருந்தது. "நீங்க வரலன்னா நான் ஆட்டோ பிடிச்சுப் போய்ச் சொல்லிடுவேன் சார்." சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே நம்பிக்கையில்லை.

"வாசல்ல வந்து நில்லு," என்று வைத்துவிட்டார்.

முதலாளியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு சிக்னலிலும், பக்கத்தில் நிற்கிற வண்டியில் குழந்தை இருக்கிறதா என்று அவள் கண் தேடியது. இருமுகிற குழந்தையாக இருந்துவிடக் கூடாதே என்று வேறு.

மருந்துக் கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை; தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, இரண்டு மேஜை, பாட்டில் நிரப்புகிற ஒரு இயந்திரம். வாசலில் லாரியின் பின்கதவு திறந்திருந்தது. அட்டைப்பெட்டிகள் பாதி ஏறியிருந்தன.

பச்சை இன்னும் பச்சையாக வேண்டும் என்ற மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்க, வாங்க! பச்சை இப்பதான் பச்சையா இருக்கு!"

முதலாளி தொண்டையைச் செருமினார். "பச்சை இருக்கட்டும். அளவைப் பாருங்க."

மேலாளர் சீட்டைப் பார்த்தார். குறில் நீட்டிய பழைய சீட்டைப் பார்த்தார். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. லாரிக்காரரிடம் ஓடினார். "இறக்குங்க! எல்லாத்தையும் இறக்குங்க! ஒண்ணு விடாம!"

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி வியாபாரம். நீங்க துடைச்சீங்க, நீங்க கையெழுத்துப் போட்டீங்க, பேப்பர் எங்களது, மை உங்களது, பாதிக்குப் பாதி, அதெல்லாம் முடியாது, சரி முக்கால் கால் என்று இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கத்திலும் நின்று மறு அச்சுச் செலவைத் துணி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார்கள். குறில் தரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒட்டாத சீட்டு நூறு நூறாகக் கட்டு. எண்ணியதையே திரும்ப எண்ணினாள். பெட்டிக்கு இருபத்துநாலு பாட்டில். ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு பாட்டிலாக வெளியே எடுத்து, விரலால் தொட்டு எண்ணினாள்.

ஃபோன் அடித்தது. அக்கா.

"மணி நாலு அம்பது. பன்னெண்டாவது பக்கத்த என்ன பண்ண?"

"எடுத்துடு."

"பன்னெண்டு கேட்டிருக்கான்டி."

"எங்கிட்ட பதினொண்ணுதான் இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "போயிடுச்சு" என்றாள் நெடில். "மூணு எம்.பி. மிச்சம். என்ன, அங்க வேலை முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

முதலாளி தலையைத் திருப்பிப் பார்த்தார். "அனுப்பிட்டியா?"

"ஆமா சார்."

"போ, போய்த் தொலை. ஆனா இத எண்ணி முடிச்சுட்டுப் போ." அவ்வளவுதான். மறுபடி மேலாளரிடம் திரும்பி, "சரி, அறுபது நாற்பது, அதுக்கு மேல ஒரு பைசா..." என்று தொடர்ந்தார்.

குறில் இரண்டு தடவை எண்ணினாள். மூன்றாவது தடவை, மேஜைக்கு அடியில், இயந்திரத்துக்குப் பின்னால், குப்பைக் கூடைக்குள், லாரியின் தரையில் தேடினாள். பாட்டிலில் சீட்டு ஒட்டுகிற அம்மாவிடம் கேட்டாள். "யாராவது ஒரு பாட்டில் கொண்டு போனாங்களாக்கா?" அந்த அம்மா யோசித்தார். "நேத்து யாரோ இருமல்னு... இல்ல, அது போன வாரமோ? ஞாபகமில்லையேம்மா."

மேலாளரிடம் ஒரு பேப்பர் வாங்கி, தரையிலேயே உட்கார்ந்து எழுதினாள்:

அச்சானது: 5000.
பாட்டிலில் ஒட்டியது, பதின்மூன்று பெட்டி: 312.
ஒட்டாதது, நாற்பத்தாறு கட்டும் உதிரி எழுபதும்: 4670.
அச்சகத்தில் கழித்தது: 5.
என் ஃபைலில் மாதிரி: 12.
ஆக மொத்தம்: 4999.
வர வேண்டியது: 1.