சளியின் நிறம் கேட்ட மாப்பிள்ளை

சௌபர்ணிகாவுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசைபோல ஒட்டிக்கொள்ளும். அதில் கிருமிகள் குடியேறும். அதே நோயுள்ள அருள்பாண்டி என்பவன் சிவகங்கையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் அவளுடைய அத்தை கல்யாணசுந்தரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு, ஒரே மாத்திரை. இதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்?"

"நாங்க பக்கத்துல இருக்கவே கூடாது அத்தை. அவுக நெஞ்சுல உள்ள கிருமி உங்களை ஒண்ணும் செய்யாது. எனக்கு ஒட்டுச்சுன்னா லேசுல போகாது. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போகும்" என்று அத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு அருள்பாண்டி வீட்டாரைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டாள்.

அந்த இருவரும் ஒரு வருடமாக போனில் பேசிவரும் சிநேகிதர்கள் என்பது அத்தைக்குத் தெரியாது. சௌபர்ணிகா உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"என்னையப் பொண்ணு பாக்க வாரீகளாமே?"

"எங்கம்மா சொன்னாக் கேக்க மாட்டேங்குது. என்ன செய்ய?"

"வா. ஆனா காரை விட்டு இறங்காத."

ஞாயிறன்று அருள்பாண்டியின் கார் காரைக்குடிக்கு வந்து சௌபர்ணிகா வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. அவன் அம்மா மட்டும் இறங்கி வீட்டுக்குள் வந்தாள். சௌபர்ணிகா பட்டுச்சேலை கட்டி, மாடி பால்கனியில் போய் நின்றாள்.

"கேக்க வேண்டியதைக் கேளுங்க!" என்று கத்தினாள்.

அவன் கார்க் கண்ணாடியை இறக்கினான். "உங்க சளி என்ன நிறம்?"

"காலையில மஞ்சள், சாயங்காலம் வெள்ளை! உங்களுக்கு?"

"எந்நேரமும் பச்சை! திராட்சைப்பழ வாடை வேற!"

"கிருமி பேரு?"

"சூடோமோனாஸ்! ரொம்ப வருசமாக் குடியிருக்கு, காலி பண்ண மாட்டேங்குது!"

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அத்தை மாடிக்கு ஓடிவந்தாள்.

"அடியே, தெருவே கேக்குது!"

"பக்கத்துல போய்ப் பேச முடியாதே அத்தை. கல்யாணம் ஆனாலும் அவுக அங்குட்டு, நான் இங்குட்டு. இப்படித்தான் கத்தணும்."

பின்னாலேயே வந்திருந்த அவன் அம்மா காருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "அப்ப டாக்டரு சொன்னது நெசந்தானா?"

ஆமாம் என்று இருவரும் தலையாட்டினார்கள், ஒருத்தி மாடியில், ஒருவன் காரில். அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று, சுட்டு வைத்திருந்த சீயம் பலகாரத்தைக் காருக்குக் கொடுத்தனுப்பினாள்.

அவன், இந்த நோய்க்காரர்கள் எதைத் தின்றாலும் போட வேண்டிய செரிமான மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிட்டான். மாடியில் அவளும் அப்படியே. ஒருவரை ஒருவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"போன்ல பாத்ததைவிட ஒல்லியா இருக்கே!" என்று அவன் கத்தினான்.

"நீ மட்டும் என்ன பயில்வானா?"

சிரிப்பு இருமலாகி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்கள். அத்தை கீழே பார்த்துச் சத்தம் போட்டாள்:

"ரெண்டு பேருக்கும் வெந்நீர் கொண்டாங்க! தம்பிக்குத் தனி டம்ளர்ல!"