பூட்டிய அறைக்குள் ஓடிய மெஷின்

"இதுக்கு மூடி எங்கீங்க?" என்று சித்ரா கேட்டதும் அருணகிரி சிரித்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் அவர். பலகையை ஒரே கனத்துக்கு இழைத்துத் தரும் பழைய பிளேனர் மெஷின் ஒன்றை விற்பதற்கு நிறுத்தியிருந்தார். அதன் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம்.

"மூடி இருந்தா மரச்சுருள் அடைச்சுக்குமுங்க, கழட்டிட்டோம். சுச்சும் டைரக்ட்தான். செவுத்துல போட்டா ஓடும், அமத்துனா நிக்கும். பட்டறையில எல்லாரும் இப்படித்தானுங்க ஓட்டறாங்க."

சித்ராவின் கணவர் பூபதி, சூரமங்கலத்தில் ரயில்வே எழுத்தர். வீடியோ பார்த்து மரவேலை பழக ஆரம்பித்திருந்தார். கடையில் பார்த்த புது மெஷின் சிறியதுதான். ஆனால் கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத சுவிட்ச் அதில் உண்டு. சித்ரா அதைத்தான் வாங்கச் சொன்னாள். "அது பொம்மையாட்ட இருக்குது" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, பழையதையே ஏற்றி வந்தார். மலிவு என்றால் நம் ஆட்களுக்குக் கண் தெரியாதே!

ஒரு மத்தியானம் இழைத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மெஷின் இருந்த அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார் பூபதி. ரசம் ஊற்றும்போது, ஆளில்லாத அந்த அறைக்குள் மெஷின் உறுமியது. ஓடிப் போய்த் திறந்தால், பலகை எதுவும் இல்லாமல் பிளேடு வெறும் காற்றை இழைத்துக்கொண்டிருந்தது.

"சுச்சை அமத்துனீங்களா?" என்றாள் சித்ரா.

"அமத்துனேனே..."

அமர்த்தினாரா என்பது அவருக்கே தெரியாது. அதை ஒப்புக்கொள்வதைவிடப் பேயை நம்புவது சுலபமாக இருந்தது. மறுநாள், மூடி இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சம்பழத்தைக் கட்டினார். அட, படித்த மனுஷன்!

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று தெருவே ஓய்ந்து கிடந்தது. கரண்ட்தான் இல்லையே என்று, சுவிட்சைப் பார்க்காமலே, அடைத்திருந்த சுருளை எடுக்க பூபதி மெஷினுக்குள் கைவிட்டார். விரல்களுக்கு அடியில் இரும்பு மெல்ல முனகியது. உள்ளே ஏதோ கண் விழித்தது போலிருந்தது. பதறிக் கையை உருவுவதற்குள் பிளேடு சுழன்றது. எலுமிச்சம்பழம் சிதறி முகத்தில் அடித்தது. நகத்தின் நுனி சுருளோடு பறந்தது. குறைந்த வோல்டேஜில் கரண்ட் வந்து மோட்டார் திணறிய அந்த ஒரு கணத்தில்தான் அவர் விரல்கள் தப்பின.

சித்ரா ஓடிவந்து சுவரிலிருந்த சுவிட்சை அமர்த்தினாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே பூபதி அருணகிரிக்குப் போன் போட்டார்.

"தானா ஓடுச்சுங்களா?" அருணகிரி குரலைத் தாழ்த்தினார். "முன்னால வெச்சிருந்தவருக்கும் அப்படித்தானுங்க. மூணு வெரல் போயிருச்சு. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, திருப்பிக் கொண்டாந்துருங்க. ஓமலூர்க்காரர் ஒருத்தர் அதையே கேட்டுக்கிட்டு இருக்காருங்க."

எலுமிச்சம்பழம் கட்டியிருந்த கயிற்றைப் பூபதி பிடுங்கி எறிந்தார்.

"கொண்டார மாட்டனுங்க. மூடியும் சரியான சுச்சும் போட்டாத்தான் இது இனி ஓடும். இல்லாட்டி பழைய இரும்புக்குப் போகும். மலிவுன்னு கண்ணை மூடிக்கிட்டது என்னோட தப்பு. ஆனா, ஆபத்துன்னு தெரிஞ்சே சொல்லாம விக்கறது யாவாரம் இல்லீங்க, அடுத்தவன் கையை வெட்டறது. அந்த ஓமலூர்க்காரர் நம்பரைக் குடுங்க, நானே பேசறேன்."