பழக்கிய பூட்ஸ்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காற்று வருகிற பக்கம் நான் இருந்துகொள்கிறேன், நீங்கள் உள்ளே தள்ளி வாருங்கள். ஒரு ஜோடி பூட்ஸ் பார்த்து எடுக்கத் தெரியாமல் ஒரு குடும்பம் தவித்ததையும், தெரிந்துகொண்ட பிறகு சுகமாக இருந்ததையும் சொல்கிறேன். பொய் என்று தோன்றினால் எந்தக் குதிரையை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

குதிரை லாயம் நடத்திய லாயக்காரி ஒருத்தி இருந்தாள்; அவள் கணவர் பூட்ஸைக் கழற்றினால் மேலே போய்விடுவார். வீட்டுக்குள் என்றால் கூரைவரை, வெளியே என்றால் எதையாவது பிடித்துக்கொள்கிற உயரம்வரை. கல்யாணமாகி சில வருடங்கள் கழிந்து, ஒரு மழைக்காலத்தில் அது தொடங்கியது. பின்கதவருகே பூட்ஸைக் கழற்றி வைத்தார், தலை உத்தரத்தில் இடித்தது. வைத்தியர் வந்து கீழே நின்றபடியே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, காலை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அது வீட்டு வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. தூங்கும்போது வயிற்றின் மேல் ஒரு சேணத்தை வைத்துக்கொள்வார். குளிக்கும்போது அவர் இடுப்பில் வாரைக் கட்டி மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். மேலே போகிற போக்கில் ஒட்டடையை அவரே அடித்துவிடுவதால் அந்த வீட்டில் ஏணி என்று ஒன்று கிடையாது.

கவலை ஒன்றே ஒன்றுதான். அவரைத் தரையில் நிறுத்தியது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் போட்டுக்கொண்டிருந்த பழைய பூட்ஸ். அது சாகக் கிடந்தது. குதிரை மூத்திரம் தையலைத் தின்றுவிட்டது. ஈர லத்தியில் ஊறி ஊறித் தோல் வெடித்துவிட்டது. மெல்லிய கம்பியாலும் மெழுகு நூலாலும் அவள் அதை உயிரோடு வைத்திருந்தாள். அது போய்விட்டால் மனுஷன் போய்விடுவார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த லாயத்தின் செம்பட்டைக் குதிரை அவர் ஒருவரைத் தவிர யாரையும் ஏறவிடாது. ஆனால் அவள் கவலைப்பட்டது குதிரையை நினைத்து இல்லை.

அப்போதுதான் நகரத்திலிருந்து நாத்தனார் வந்தாள். தம்பி மேல் உயிர், தம்பி பெண்டாட்டி மேல் எப்போதும் ஒரு சந்தேகக் கண். லாய வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டே ஒரு பெட்டியை நீட்டினாள்.

"முட்டிவரைக்கும் வர்ற பூட்ஸ். முகம் பாத்துக்கலாம், அவ்வளவு பளபளப்பு. என் தம்பி இப்படி ஒட்டுப்போட்டதை மாட்டிக்கிட்டுத் திரியணும்னு தலையெழுத்தா?"

"அழகா இருக்கு அண்ணி. ஆனா அடி ஒட்டியிருக்காங்க, தைக்கலை..."

"குடுத்தா வாங்கிக்கணும். பல்லைப் பிடிச்சுப் பாக்க இது உன் குதிரை இல்லை."

அக்கா மனம் நோகக்கூடாது என்று அவர் முற்றத்திலேயே மாற்றிக்கொண்டார். ஒரு கையில் செம்பட்டையின் கயிறு. பூட்ஸ் தரையில் நிமிர்ந்து நின்றது. மனுஷன் அதிலிருந்து உருவிக்கொண்டு மேலே போனார், காலுறையோடு. கயிறு விறைத்தது. குதிரை அண்ணாந்து பார்த்தது, ஒரு பெருமூச்சு விட்டது, பிறகு அவரைப் பட்டம்போல இழுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. வைக்கோல் வாரும் கவையால் இடுப்புவாரைக் கோத்து லாயக்காரி அவரைக் கீழே இறக்கிப் பழைய பூட்ஸையே மாட்டிவிட்டாள். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு வண்டிக்காரர், "அங்கேருந்து பாரு, என் மாடு எங்க மேயுதுன்னு!" என்று கத்தினார். அவரும் பார்த்துச் சொன்னார்.

எடை போதவில்லை என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. பூட்ஸ் தைப்பவர் அடியில் ஈயத்தை ஊற்றி ஒரு ஜோடி செய்து தந்தார். அதைத் தூக்கி வரவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதிலிருந்தும் அவர் வெண்ணெயில் கத்தி உருவுவதுபோல உருவிக்கொண்டு போனார். ஈய பூட்ஸ் இன்றும் அங்கேதான், கதவுக்கு முட்டாக இருக்கிறது.

பளபளப்பு பூட்ஸை வீணாக்க மனமில்லாமல் லாயக்காரி தன் காலுக்குப் பொருந்த முன்பக்கம் துணியை அடைத்து, தானே போட்டுக்கொண்டு லாயம் கூட்டினாள். தண்ணீர் சுமந்தாள், குளம்பு சுரண்டினாள். செம்பட்டை அவள் விரலை இருமுறை மிதித்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவள் பயந்தபடியே பசை விட்டு அடி பிளந்து, தவளை வாய்போல் தொங்கியது. அதே வாரம் ஒரு மாலையில் பழைய பூட்ஸின் கடைசித் தையலும் அறுந்தது. அவர் உயரத் தொடங்கினார். கவை கைக்கெட்டவில்லை. அவள் அவர் கணுக்காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, தன் காலில் இருந்ததை உதறி, நாறிப்போன அந்தப் பளபளப்பை அவர் காலில் திணித்தாள்.

இறங்கினார். அடி தொங்க, தரையில் நின்றார்.

அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. எடை இல்லை, வேலை. இந்த லாயத்தில் உழைத்த தோல்தான் அவரைப் பிடித்து வைக்கும். அப்படியானால் பழசு எதுவும் ஆகுமே என்று வண்டிக்காரர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். தரையில் நிறுத்தியது உண்மைதான். ஆனால் கால்கள் அவரை நேரே வண்டிக்காரர் வழக்கமாகச் சீட்டாடும் இடத்துக்கு இழுத்துப்போய் உட்கார வைத்துவிட்டன. லாயக்காரி போய்க் கூட்டி வந்தாள்.

மறுநாள் பூட்ஸ் தைப்பவரின் பலகைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் போட்டுப் பழக்கணும், அப்புறம் அவர் போட்டு உழைக்கணும். ரெண்டு ஆயுசு வேணும் அதுக்கு. ஒட்டாதீங்க, மேல் தோலுக்கும் அடிக்கும் நடுவுல வார் வெச்சுத் தைங்க. அடி தேஞ்சா அதை மட்டும் மாத்திக்கலாம்."

"ரப்பர்ல போட்டா தண்ணியே ஏறாதே?"

"கால் உள்ளேயே வெந்துடும். கொழுப்புத் தடவின தோல் போதும். முனை அகலமா, கெட்டியா இருக்கட்டும், குதிரை மிதிக்கும். கணுக்கால் ஆடக்கூடாது."

"அடியில பெரிய பல்லு வெட்டட்டா? சகதியில நல்லாப் பிடிக்கும்."

"பிடிக்கும், அங்கவடியையும் சேத்துப் பிடிச்சுக்கும். குதிரை மிரண்டா அந்த இரும்பு வளையத்துலேருந்து கால் வராது. இழுத்துட்டுப் போயிடும். லேசாக் கீறி விடுங்க. குதிகால் மட்டும் கட்டைவிரல் உயரம் வேணும், இல்லேன்னா கால் வளையத்துக்குள்ள முழுசாப் போயிடும்."

"மாப்பிள்ளை பாத்தப்பகூட நீ இவ்வளவு கேட்டிருக்க மாட்டே."

"கேக்காம விட்டதுதான் இப்ப மேல மிதக்குது."

அந்த ஜோடி வந்தது. துணி அடைத்து அவள் பழக்கினாள். காலை வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து, வைக்கோல் திணித்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் நிழலில் காயவைத்தாள். அடுப்புச் சூடு தோலைக் கொன்றுவிடும். தோல் கை வைத்தால் வளைகிற பதம் வந்ததும் அவருக்குக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு செம்பட்டை மேல் ஏறினார், செம்பட்டைக்குப் பிறகு அதன் குட்டி மேல், குட்டிக்குப் பிறகு அதன் குட்டி மேல். அவர் பாதி தேய்க்கும்போதே அவள் அடுத்ததைப் பழக்கத் தொடங்கிவிடுவாள். வருடங்கள் அப்படியே ஓடின. சண்டை போட்ட நாட்களிலும் அவள் துணி அடைத்து நடந்தாள். சத்தமாக நடந்தாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் நகரத்து வண்டியிலிருந்து நாத்தனார் இறங்கினாள். இறங்கினாள் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. வண்டியை ஓட்டி வந்தவர் வழியெல்லாம் அவள் புடவைத் தலைப்பை வண்டிக் கம்பியில் முடிந்து வைத்திருந்தார். லாயக் கதவை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதம் தரையில் படாமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்க வம்சத்துலேயே இருக்கும்போல," என்றாள்.

லாயக்காரி ஒரு நூலை எடுத்து வந்தாள். குனிந்து நாத்தனாரின் பாதத்தை அதால் அளந்தாள்.

"கொஞ்சம் பளபளப்பா..."

"தைச்சதுதான் அண்ணி. பளபளப்பு நீங்க அப்புறம் தேச்சுக்கோங்க."

அது பழகும்வரை நாத்தனார், இரவில் வயிற்றில் சேணத்தோடு, அந்த வீட்டில்தான் இருந்தாள். பகலில் மேலே மிதந்தபடி தம்பியோடு சேர்ந்து ஒட்டடை அடித்தாள், பழைய கதை பேசிச் சிரித்தாள். தனக்கான பூட்ஸ் கீழே லத்தியில் நடப்பதை மேலிருந்து பார்த்தவள், அதற்குப் பிறகு ஒருநாளும் மூக்கைப் பொத்தவில்லை. இப்போது நகரத்துத் தெருவில் பட்டுப்புடவைக்குக் கீழே அந்த பூட்ஸோடுதான் நடக்கிறாள். வாசனை வரத்தான் செய்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. தெருவில் நிற்கிற வண்டிக் குதிரைகள் மட்டும் அவள் கடக்கும்போது தலையைத் திருப்பிக் கனைக்கின்றன. அவளும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறாள்.

உங்கள் வாசலில் கிடக்கிற காலணிகள் ஜோடி குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்காவது கால் தரையில் பாவவில்லை என்றால், அவர்களுக்காகத் துணி அடைத்து நடக்க ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.